பிள்ளைகளின் காப்பீட்டு கார்டு: முகாம் நடத்தவா, பள்ளி வழியாகவா, ஊருக்கு ஒரு ஆள் வைக்கவா?

குமரி மாவட்டத்தில் ஊருக்கு ஒரு சங்கமாவது இருக்கும். கோயில் கமிட்டி, கத்தோலிக்க ஆலயத்தின் பங்குப் பேரவை, ஜமாத், நூலகம் வைத்திருக்கும் இளைஞர் மன்றம், வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழு என்று ஏதாவது ஒன்று. ஆண்டு விழா முடிந்து கையில் கொஞ்சம் பணம் மிஞ்சினால் "பிள்ளைகளுக்கு ஏதாவது செய்வோம்" என்ற பேச்சு கிளம்பும். முதலில் நோட்டுப் புத்தகம், அப்புறம் பை, அப்புறம் மருத்துவ முகாம். அந்த வரிசையில் யாராவது ஒருவர், "எல்லா வீட்டுக்கும் முதலமைச்சர் காப்பீட்டு கார்டு எடுத்துக் கொடுத்தால் என்ன?" என்று கேட்டுவிடுவார்.

நல்ல கேள்வி. ஆனால் எப்படி எடுத்துக் கொடுப்பது என்பதில் நான்கு வழிகள் இருக்கின்றன. நான்குக்கும் செலவு வேறு, உழைப்பு வேறு, பலன் வேறு. அப்படிப்பட்ட கூட்டங்களில் உட்கார்ந்து கேட்டதையும், ஆஸ்பத்திரி கவுண்டர்களின் முன்னால் நின்று பார்த்ததையும் வைத்து அவற்றை ஒப்பிட்டுச் சொல்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை.

பிள்ளைகளுக்கு என்னென்ன இருக்கிறது

பெரும்பாலோர் 'கார்டு' என்று சொல்வது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைத்தான். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று வந்தது, 2012 ஜனவரியில் இந்தப் பெயருக்கு மாறியது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு சேர்க்கப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு இது 72,000 ஆக இருந்தது. பிரீமியத்தை அரசே கட்டுகிறது. ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்யும் அறுவைச் சிகிச்சைக்கும் பட்டியலில் உள்ள மற்ற சிகிச்சைகளுக்கும் இது உதவும். காய்ச்சலுக்கு டாக்டரிடம் காட்டிவிட்டு மாத்திரை வாங்குவதற்கு உதவாது.

சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் வாங்கி, இஎஸ்ஐ எனும் தொழிலாளர் காப்பீட்டுக்குப் பணம் பிடிக்கும் இடத்தில் அம்மாவோ அப்பாவோ வேலை பார்த்தால் பிள்ளைக்கும் இஎஸ்ஐ உண்டு. அதில் காய்ச்சலுக்கும் மருந்து கிடைக்கும், சிகிச்சைச் செலவுக்கு உச்சவரம்பும் இல்லை. மேற்குப் பக்கத்து முந்திரி ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்கள் பலருக்குச் சம்பளத்தில் இஎஸ்ஐ பிடிக்கிறார்கள். ஆனால் 'அண்டி ஆபீஸ்' (முந்திரி ஆலையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) வேலைக்குப் போகும் அம்மாவிடம் "பிள்ளை பேர் இஎஸ்ஐயில் ஏறியிருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "அது எனக்குப் பிடிக்கிறது, பிள்ளைக்கு என்ன?" என்ற பதில் வரும். தன் கூலியில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் கொடுத்துக்கொண்டிருக்கிறோம், முதலாளி அதற்கு மேல் மூன்றேகால் ரூபாய் போடுகிறார், அதில் பிள்ளைக்கும் பங்கு உண்டு என்பதை யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் மூன்றாவது. பிறந்தது முதல் 18 வயது வரை. டாக்டரோடு வரும் நடமாடும் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வந்து பார்க்க வேண்டும். பிறவிக் குறை, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைக் கண்டுபிடித்து மேல் சிகிச்சைக்கு அனுப்புவது இவர்கள் வேலை. இதய ஓட்டை, உதட்டுப் பிளவு, வளைந்த பாதம் எல்லாம் இதில் அடக்கம்.

இவை போக, ஒரு வயது வரை உள்ள நோயுற்ற குழந்தைக்கு அரசு ஆஸ்பத்திரியில் மருந்து, பரிசோதனை, வண்டி எல்லாம் இலவசம். இதற்கு கார்டு தேவையில்லை. சாலை விபத்து என்றால் 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை வருமானம் பார்க்காமல் கிடைக்கும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 'நிராமயா' என்ற தனிக் காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை இருக்கிறது. தெரபிக்கும் வெளிநோயாளிச் செலவுக்கும் பணம் திரும்பக் கிடைக்கும் திட்டம் இது. மற்றவற்றில் அது கிடைப்பது அபூர்வம். மாற்றுத்திறனாளிப் பிள்ளை உள்ள வீட்டில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். கேட்பார்தான் இல்லை.

எங்கே மாட்டுகிறது

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே அதிக எழுத்தறிவு உள்ள மாவட்டம் குமரிதான், 91.75 சதவீதம். படிக்கத் தெரியாததால் இங்கே யாரும் கார்டு எடுக்காமல் இல்லை. அதனால் துண்டறிக்கை அடித்து வீடு வீடாகப் போடுவதைப் பெரிய உதவியாக நான் நினைப்பதில்லை. விஷயம் எல்லோருக்கும் தெரியும். காகிதம்தான் கூடி வராது.

ஏதாவது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுண்டர் முன்னால் அரை மணி நேரம் நின்று பாருங்கள். நான் பார்த்த ஒரு காட்சி: இடுப்பில் மூன்று வயதுப் பையன், கையில் பாலித்தீன் பையில் மடித்து வைத்த கார்டுகள், ஓர் இளம் தாய். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, கார்டுல பிள்ளை பேரே இல்லையே. உங்க பேரும் இல்ல."

"அது மாமியார் கார்டு. என் பேரு எங்க அம்ம வீட்டு ரேஷன் கார்டுல கெடக்கு. மாத்தணும்னு நெனச்சிட்டே இருந்தோம், அவரு தங்கலுக்குப் போயிட்டாரு."

தங்கல் என்றால் ஆழ்கடலில் வாரக் கணக்கில் தங்கி மீன் பிடிப்பது. தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறைப் பக்கத்து வீடுகளில் ஆண்கள் ஊரில் இருக்கும் நாள் குறைவு. ஓடிபி போகும் நம்பரோ அவருடைய போனில் இருக்கும்.

அந்தத் தாய்க்கு அப்போது வேண்டியிருந்தது காப்பீட்டு கார்டு மட்டுமா? வரிசையாகப் பாருங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியிருக்க வேண்டும். பிறப்பைப் பதிந்து 12 மாதத்துக்குள் என்றால் பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை, தாண்டினால் தாமதக் கட்டணம். அதை வைத்துப் பிள்ளைக்கு ஆதார். ஐந்து வயதுக்குள் என்றால் கைரேகை எடுக்க மாட்டார்கள், ஐந்து முடிந்ததும் ஒரு முறையும் பதினைந்தில் ஒரு முறையும் புதுப்பிக்க வேண்டும். அப்புறம் தாயின் பெயரைப் பிறந்த வீட்டு ரேஷன் கார்டிலிருந்து நீக்கி, புகுந்த வீட்டுக் கார்டில் சேர்க்க வேண்டும். பிள்ளை பெயரையும் சேர்க்க வேண்டும். வருமானச் சான்று எடுக்க வேண்டும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய்தான், ஆனால் விஏஓவும் வருவாய் ஆய்வாளரும் பார்த்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையம். அங்கே வேலை சீக்கிரம் முடிந்துவிடும். வழியில்தான் மாதங்கள் போகின்றன.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கல் வேறு. விளவங்கோடு, கிள்ளியூர் தாலுகாக்களில் பிரசவத்துக்குப் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் போகிறவர்கள் உண்டு. பிறந்த இடத்தில்தான் பிறப்பைப் பதிவார்கள், எனவே சான்றிதழ் கேரளத்தில் வாங்கியதாக இருக்கும். அதில் இனிஷியல் பெயருக்குப் பின்னால். ரேஷன் கார்டில் முன்னால். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக. ஒரே பிள்ளை மூன்று காகிதத்தில் மூன்று ஆளாக நிற்கும். கணினி சும்மா விடுமா?

ஆகவே நான்கு வழிகளையும் ஒரே அளவுகோலால்தான் அளக்கிறேன்: கார்டுக்கு முந்திய காகிதங்களை எது சரி செய்கிறது?

முகாம்

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்து, காப்பீட்டுத் திட்ட ஊழியர்களை ஊருக்கே வரவழைத்து, சமுதாயக் கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நீரோடியிலிருந்தோ பத்துகாணியிலிருந்தோ நாகர்கோவில் போய் வர ஒரு முழு நாள் கூலி போய்விடும் என்பதால், ஊருக்கே ஆள் வருவது பெரிய உதவிதான். இதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் முகாமுக்கு வந்து கார்டோடு திரும்புகிறவர்கள் யார்? ஏற்கெனவே எல்லாக் காகிதமும் சரியாக வைத்திருப்பவர்கள். அவர்கள் இன்றில்லாவிட்டால் அடுத்த மாதம் தாங்களே போய் எடுத்துக்கொள்வார்கள். காகிதம் சரியில்லாதவர் வரிசையில் நின்று, "ரேஷன் கார்டில் பேர் சேர்த்துட்டு வாங்க" என்ற பதிலோடு வீட்டுக்குப் போவார். அடுத்த முகாம் எப்போது என்று அவருக்குத் தெரியாது. சங்கத்துக்கும் தெரியாது. பேனரில் ஆறு பேர் படம், மறுநாள் பேப்பரில் ஒரு செய்தி, அதோடு முடிந்தது. (பேனருக்கு ஆகும் பணத்தில் எத்தனை வீட்டுக்கு வருமானச் சான்று எடுக்கலாம் என்று ஒரு கூட்டத்தில் கேட்டபோது யாரும் ரசிக்கவில்லை.)

முகாம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. முதல் வேலையாக வைத்தால் வீண், கடைசி வேலையாக வைத்தால் அதைவிட நல்லது இல்லை.

பள்ளி, அங்கன்வாடி வழியாக

பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள், பெயர்ப் பட்டியலும் ஆதார் எண்ணும் பதிவில் இருக்கிறது. டீச்சர் சொன்னால் பெற்றோர் கேட்பார்கள். இவ்வளவு வசதி வேறெங்கும் கிடையாது.

குறைகளும் உண்டு. காப்பீடு அதிகம் தேவைப்படும் வயது ஐந்துக்குக் கீழே, அந்தப் பிள்ளைகள் பள்ளியில் இல்லை. நம் மாவட்டத்தில் மெட்ரிக், சிபிஎஸ்இ பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் ஏராளம், கூலி வேலை பார்ப்பவர்கள்கூடக் கடன் வாங்கி அனுப்புகிறார்கள். நடமாடும் குழுவின் பள்ளிப் பட்டியலில் அந்தப் பள்ளிகள் வராது. அரசுப் பள்ளி ஆசிரியரின் மேசையிலோ ஏற்கெனவே பத்துப் பதிவேடு இருக்கிறது. பதினொன்றாவதைக் கொண்டுபோய் வைத்தால் முகம் சுளிப்பதில் தப்பில்லை.

இந்த வழி பெரிதும் பயன்படுவது நோயைக் கண்டுபிடிப்பதில். அங்கன்வாடிக்கு நடமாடும் குழு வரும் நாளை டீச்சரிடம் கேட்டு வைத்து, அன்று அந்தப் பகுதிப் பிள்ளைகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போவது ஒரு சங்கம் சுலபமாகச் செய்யக்கூடியது. தனியார் மழலையர் பள்ளிக்குப் போகிற பிள்ளையையும் அன்று அங்கே கொண்டுபோய்க் காட்டலாமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். காது கேளாத குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்துவது காப்பீட்டில் உண்டு, ஆனால் வயது வரம்பும் உண்டு. வயது ஏற ஏற அதன் பலனும் குறையும். "அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று பாட்டி சொல்வதை நம்பி இரண்டு வருடம் போய்விட்ட வீடுகள் உண்டு. அந்த விஷயத்தில் அங்கன்வாடியில் நடக்கும் ஒரு பரிசோதனை, கார்டைவிடப் பெரியது.

ஆக, கண்டுபிடிக்கப் பள்ளியும் அங்கன்வாடியும். காகிதம் சரி செய்ய வேறு ஆள் வேண்டும்.

ஊருக்கு ஒரு ஆள்

இதுதான் என் தேர்வு. மகளிர் குழுவிலோ, கடற்கரை ஊர் என்றால் அன்பியத்திலோ, விவரமான ஒரு பெண்ணைப் பிடியுங்கள். அன்பியம் என்பது பங்கில் பக்கத்துப் பக்கத்து வீடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சிறு குழு, அடிக்கடி ஒரு வீட்டில் கூடுவார்கள். யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யார் மகள் புகுந்த வீட்டுக்குப் போனாள், யாருடைய பிள்ளைக்கு அடிக்கடி வலிப்பு வருகிறது என்பதெல்லாம் அந்தக் கூட்டத்துக்குத் தெரியும். மற்ற ஊர்களில் கிராம சுகாதார செவிலியரையும் அங்கன்வாடி டீச்சரையும் கேட்டால் போதும், குழந்தை உள்ள வீடுகள் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

அந்தப் பெண் செய்ய வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகத்தில் தொடங்குகிறது. வீட்டுக்கு ஒரு பக்கம். பிள்ளை பெயர், பிறப்புச் சான்றில் எப்படி இருக்கிறது, ஆதாரில் எப்படி, ரேஷன் கார்டில் இருக்கிறதா, தாயின் பெயர் எந்தக் கார்டில், குடும்பத்தில் யாருக்காவது இஎஸ்ஐ உண்டா, பழைய காப்பீட்டு கார்டு இருக்கிறதா. பழைய கார்டு தொலைந்து போனாலும் பரவாயில்லை, ரேஷன் கார்டு எண்ணை வைத்தே பதிவு இருக்கிறதா என்று பார்க்கலாம். கலைஞர் காலத்து கார்டு இனி செல்லாது என்று நினைத்துத் தூக்கிப் போட்ட வீடுகள் ஏராளம். பதிவே இருந்து, பிள்ளை பெயரை மட்டும் சேர்த்தால் போதும் என்ற நிலையில் இருப்பவர்களும் உண்டு. நோட்டைப் பார்த்தால் ஒவ்வொரு வீடும் எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் இ-சேவை மையத்துக்கு ஒரே நாளில் நாலைந்து வீட்டுக்காரர்களைச் சேர்த்து அழைத்துப் போகலாம்.

சும்மா செய்யச் சொல்லாதீர்கள். போக்குவரத்துச் செலவும், நாளுக்குக் கௌரவமான ஒரு தொகையும் சங்கமே கொடுக்க வேண்டும். இலவசமாகச் செய்யச் சொன்ன இடங்களில் மூன்றாவது மாதம் நோட்டு அலமாரிக்குப் போய்விடும். முடித்த கார்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. அப்படிப் பேசினால் சுலபமான வீடுகளை மட்டும் முடித்துவிட்டு, புருஷன் விட்டுப்போன வீட்டையும், பேரனை வளர்க்கிற பாட்டியையும் ஒதுக்கிவிடத் தோன்றும். அந்த வீடுகளுக்காகத்தானே இந்த வேலையே.

இதில் ஆபத்தும் இருக்கிறது. நல்ல ஆள் மெல்ல மெல்லப் புரோக்கர் ஆகிவிடலாம். அதனால் இரண்டு கறாரான விதி: குடும்பத்திடம் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது, அசல் காகிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது. நோட்டில் இருப்பதை ஊரில் பேசவும் கூடாது. பிள்ளைக்கு வலிப்பு என்பது நாளைக்குக் கல்யாணப் பேச்சில் வந்து நிற்கும் ஊர் இது. வருமானம் 1,20,000-க்கு மேல் உள்ள வீட்டுக்குக் குறைத்து எழுதி வாங்கித் தருவதும் இவர் வேலை இல்லை. அந்த வரம்பு நியாயமா என்று கேட்டால், எனக்கே அது குறைவாகத்தான் படுகிறது. மாதம் 10,000 ரூபாய்தான் வருகிறது. மார்த்தாண்டத்தில் கொத்தனார் வேலைக்குப் போகிறவர் பாதி மாதம் வேலை செய்தாலே அதைத் தாண்டிவிடுவார். ஆனால் பொய்ச் சான்றில் எடுத்த கார்டு நாளைக்கு ஆஸ்பத்திரியில் வைத்துச் சிக்கலானால், அடி வாங்குவது பிள்ளைதான்.

ஆஸ்பத்திரியில் துணை

நான்காவது வழி, கார்டு இருந்தும் பயன்படுத்தத் தெரியாமல் திண்டாடும் குடும்பத்துக்கு ஆஸ்பத்திரியிலேயே ஒருவர் துணை நிற்பது. ஊருக்கு ஒரு ஆளுக்கு அடுத்தபடியாக இதைத்தான் வைப்பேன். கார்டு கையில் இருக்கும், ஆனால் அதே ஆஸ்பத்திரி அதே சிகிச்சைக்குத் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு தனியார் ஆஸ்பத்திரி எலும்பு அறுவைக்குச் சேர்ந்திருக்கும், குழந்தை இதயத்துக்குச் சேர்ந்திருக்காது. வாசலில் போர்டு இருப்பதை மட்டும் பார்த்து அட்மிஷன் போட்டால் பில் கட்ட வேண்டி வரும். முதலில் கேட்க வேண்டிய கேள்வி "கார்டு எடுப்பீங்களா?" என்பது அல்ல. "இந்தப் பிள்ளைக்கு டாக்டர் எழுதின இந்தச் சிகிச்சைக்கு இங்கே கார்டு எடுப்பீங்களா?" என்று சிகிச்சையின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். அப்ரூவல் வரும் முன்னே முன்பணம் கேட்டால் 1800 425 3993 என்ற இலவச எண்ணுக்குப் போன் போடலாம். இந்த எண்ணை அந்த நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கலாம்.

அரசு ஆஸ்பத்திரியில் கார்டு கேட்டால் சிலர் பயந்துவிடுகிறார்கள், பணம் கேட்கிறார்கள் என்று. ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியிலோ, பத்மநாபபுரம், குழித்துறை, குளச்சல் அரசு ஆஸ்பத்திரிகளிலோ சிகிச்சை எப்படியும் இலவசம்தான். கார்டு இருந்தால் காப்பீட்டுப் பணம் அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும், கருவி வாங்கவும் மற்றதற்கும் உதவும், அதற்காகக் கேட்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டாலே பாதிப் பதற்றம் அடங்கும்.

இதற்குச் சங்கம் தனியாக ஆள் போட வேண்டியதில்லை. ஒரு ஊரிலிருந்து மாதத்துக்கு எத்தனை பிள்ளை அட்மிஷன் ஆகப்போகிறது? ஊருக்கு ஒரு ஆளாக இருப்பவரே போனில் வழிகாட்டலாம். நாலைந்து ஊர்ச் சங்கங்கள் சேர்ந்தால் ஆசாரிபள்ளத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஒருவரை நியமிப்பது தாங்கக்கூடிய செலவுதான்.

திருவனந்தபுரம் போகலாமா?

1956 நவம்பர் 1-ல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்து எல்லை மாறியது, ஆஸ்பத்திரிக்குப் போகும் பழக்கம் மாறவில்லை. களியக்காவிளைக்காரருக்குத் திருவனந்தபுரம் நாகர்கோவிலைப் போலப் பக்கம். குழந்தைகளுக்கு எஸ்ஏடி ஆஸ்பத்திரி, இதயத்துக்கும் மூளைக்கும் ஸ்ரீ சித்திரா, புற்றுநோய்க்கு மண்டலப் புற்றுநோய் மையம் என்று மூன்று பெரிய இடங்கள் அங்கே. தமிழ்நாட்டுக்குள் என்றால் பெரிய சிகிச்சைக்குத் திருநெல்வேலி, மதுரை, கடைசியில் சென்னை எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனை.

மருத்துவம் எங்கே சிறந்தது என்ற பஞ்சாயத்தை விட்டுவிடுகிறேன். கார்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். வெளிமாநிலத்தில் பயன்படுத்தும் வசதி பொதுவாக ஆயுஷ்மான் பாரத் பட்டியலில் உள்ளவர்களுக்குத்தான் இருக்கிறது. நம் மாநிலக் கார்டு வைத்திருக்கும் எல்லாக் குடும்பமும் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே பஸ் ஏறும் முன் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: நம் குடும்பத்துக்கு ஆயுஷ்மான் எண் இருக்கிறதா, போகப்போகிற ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுண்டர் அதை இந்தச் சிகிச்சைக்கு ஏற்குமா. இரண்டுக்கும் 'ஆம்' வந்தால் போகலாம். வராவிட்டால், திட்டமிட்டுச் செய்யும் அறுவைக்குத் தமிழ்நாட்டுக்குள் இருப்பதே மேல். தொலைவு அதிகம், தங்கும் செலவு உண்டு, ஆனாலும் அறுவைச் செலவு மிச்சம். அவசரம் என்றால் இந்தக் கணக்கெல்லாம் இல்லை, பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே ஓட வேண்டியதுதான்.

வரம்பில் அகப்படாதவர்கள்

வருமானம் 1,20,000-க்கு மேல், ஆனால் இஎஸ்ஐ இல்லை. ஆட்டோ ஓட்டுபவர், சின்னக் கடை வைத்திருப்பவர், தனியார் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுபவர். குமரியில் இந்த நடுவாந்திரக் குடும்பங்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம். கார்டு முகாமில் இவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இவர்களுக்கும் அரசு ஆஸ்பத்திரி உண்டு, சிறார் நலத் திட்டப் பரிசோதனை உண்டு, விபத்துத் திட்டம் உண்டு. தனியார் காப்பீடு எடுப்பதென்றால் பிள்ளை நன்றாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம், பிறவிக் குறைகளில் சிலவற்றை ஏற்கவே மாட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்பது ஓர் ஆறுதல்.

எந்த ஊருக்கு எது

மேற்குக் கடற்கரை ஊர் என்றால் யோசிக்கவே வேண்டாம், அன்பியத்துக்கு ஒரு பெண், நோட்டு, கடைசியில் ஒரு முகாம். பேச்சிப்பாறைப் பக்கத்துக் காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகள் என்றால் வரிசையை மாற்றலாம். அங்கே ஆள் வந்து போவதே பெரும்பாடு என்பதால் ஆதார், ரேஷன், காப்பீடு மூன்றையும் ஒரே நாளில் மலைக்குக் கொண்டுவரும் கூட்டு முகாமுக்குக் கலெக்டரிடம் மனு கொடுப்பதில் சங்கத்தின் பலத்தைக் காட்டுவது சரி. முந்திரி ஆலை உள்ள ஊர்களில் முதல் வேலை இஎஸ்ஐயில் பிள்ளை பெயர் சேர்ப்பது. அதற்கு ஆலை ஆபீசில் பேச நாலு பேர் போனால் போதும், மற்ற வழியெல்லாம் பிறகு. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் போன்ற டவுன் பகுதியில் வாடகை வீட்டுக்காரர்கள் அதிகம், யாருக்கு யாரையும் தெரியாது. அங்கே மட்டும் பள்ளி வழி மற்றதை முந்துகிறது.

எப்போது தொடங்குவது என்பதும் முக்கியம். மே முதல் ஜூலை வரை கல்லூரி அட்மிஷனுக்காக இ-சேவை மையங்களில் வருமானச் சான்றுக் கூட்டம் அலைமோதும். அதனால் சான்று வேலையை மார்ச்சுக்குள் முடித்துவிடுவது நல்லது. ரப்பர்த் தோட்டத்து ஊர்களுக்கும் அது வசதி, இலை உதிரும் அந்த மாதங்களில் பால் வெட்டு குறைந்து ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். கடற்கரையில் ஆண்கள் கையெழுத்தும் ஓடிபியும் வேண்டிய ரேஷன், ஆதார் வேலைகளை மீன்பிடித் தடைக்காலத்துக்கு ஒதுக்கி வைக்கலாம். சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன், ஜூலை இரண்டு மாதம். விசைப்படகுக்காரர்கள் அப்போது ஊரில் இருப்பார்கள். முகாமை ஜூலைக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டால், நோட்டில் உள்ள பெரும்பாலான பக்கங்கள் அதற்குள் முடிந்திருக்கும்.